எந்தப் பேப்பர் வாசிப்பார்

"ஆளு எந்தப் பேப்பர் வாசிப்பாரு சேச்சி?"

வக்கீல் பிந்துஜா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் இதைக் கேட்டாள். வயது, தொழில், அப்பா பெயர் என்று கேட்டுக்கொண்டே வந்தவற்றில் இதுவும் ஒன்று. எதிரே உட்கார்ந்திருந்த சுகிர்தபாய் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

நெய்யாற்றின்கரையில் கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடியறை அது. அவள் டைவோர்ஸ் மனு போட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது. கணவர் ராபின்சனுக்குக் கோர்ட்டிலிருந்து போன சம்மன் இரண்டு தடவையும் திரும்பிவிட்டது. தமிழ் எல்லைக்குள் அருமனைப் பக்கம் இருக்கும் அவருடைய அண்ணன் வீட்டு விலாசத்தைத்தான் மனுவில் கொடுத்திருந்தார்கள். ஆள் அங்கே இல்லை என்று தபால்காரர் எழுதியிருந்தார். இனி பத்திரிகையில் அறிவிப்புப் போடலாம் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. அதற்குப் பிறகும் குறித்த தேதியில் அவர் வராவிட்டால், அவர் இல்லாமலே வழக்கு முடியும்.

"இப்ப எங்க இருக்காருன்னு சேச்சிக்கு நிச்சயமாட்டு தெரியாதுல்லா?"

"எங்க கிடந்து உறங்குதாருன்னு தெரியாது."

அது பொய்யில்லை. அவர் எங்கே படுக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. எங்கே நிற்கிறார் என்று தெரியும். பனச்சமூடு சந்திப்பில், சைக்கிளில் லாட்டரிச் சீட்டுத் தட்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து நிற்பார். தமிழ்ப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து சீட்டு வாங்குகிறவர்கள் அதிகம். வெள்ளறடைத் தையல் கடைக்கு அவள் வேலைக்குப் போகும் பஸ் தினமும் அங்கே நிற்கும். அவள் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் உட்காருவாள். அங்கே இடம் கிடைக்காத நாட்களில், கீழே விழுந்த எதையோ எடுப்பது போலக் குனிந்துகொள்வாள். டைவோர்ஸ் எதற்கு என்று யாராவது உண்மையாகக் கேட்டிருந்தால், நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு பஸ்ஸில் போய்வர வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பாள். யாரும் அப்படிக் கேட்கவில்லை. மனுவில் பிந்துஜா, கணவர் மனைவியைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று எழுதியிருந்தாள். எல்லா மனுக்களிலும் அப்படித்தான் எழுதுவது என்றாள்.

"கோர்ட்டு வாட்ஸாப்புல அனுப்பவும் இப்ப சம்மதிக்குது. கவர்மென்ட் நோட்டீசெல்லாம் இனி வெப்சைட்டுல போட்டாலே போதும், பேப்பர் எதுக்குன்னு ஒரு கூட்டம் சொல்லுது" என்றாள் பிந்துஜா. "நான் சம்மதிக்க மாட்டேன். வெப்சைட்டுல போட்டா தேடுதவனுக்குத்தான் கிட்டும். பேப்பர்ல போட்டா, சாய குடிச்சிட்டு சும்மா பக்கத்தப் புரட்டுதவன் கண்ணுலயும் படும். அதாக்கும் வித்தியாசம். செரி, எந்தப் பேப்பர்? அக்கரை ஆளுல்லா, தமிழ்ப் பேப்பர்ல போடுவோமா?"

"மலையாளம் பேப்பர் மதி, அது போதும்" என்றாள் சுகிர்தபாய். "டெய்லி சாயக்கடையில இருந்து மலையாளம் பேப்பர்தான் வாசிப்பாரு."

இதுவும் பொய்யில்லை. பனச்சமூட்டில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

ராபின்சன் எட்டாம் வகுப்பு வரை எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தார். மலையாளம் பேசினால் இங்கே பிறந்தவர்களே தோற்றுப்போவார்கள். அவர் சொல்லும் தமாஷுக்காகவே சாயக்கடையில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்கள். ஆனால் அந்த எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. இலக்கங்கள் தெரியும், பஸ் போர்டுகளைப் பார்த்த பழக்கத்தில் தெரியும், அவ்வளவுதான். கடையில் பேப்பரை விரித்து, சரியான நேரத்தில் பக்கத்தைப் புரட்டி, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு, அதையே தன் அபிப்பிராயத்தோடு திருப்பிச் சொல்லுவார். கரண்டு பில்லோ பஞ்சாயத்துச் சீட்டோ வந்தால் வீட்டுக்குக் கொண்டுவந்து, "கண்ணாடி எடுக்கல்ல, இதொண்ணு நோக்கு" என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. அவள் வாசித்துச் சொல்லுவாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதே வீட்டில் வளர்ந்தும், மகள் ரெஷ்மாவுக்குக்கூட அது தெரியாது.

பிந்துஜா டைப் செய்துகொண்டிருந்தாள். சுகிர்தபாய் தன் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பொய்யும் சொல்லாமல் இதைச் செய்துவிட்டோம் என்பதுதான் அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெஷ்மா ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். நர்ஸிங் படிக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மரச்சீனிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னதும் மகளின் முகம் மாறியது.

"பேப்பர்லயா? எனக்க கூடப் படிக்கியவளுவ வீட்டுல எல்லாம் அந்தப் பேப்பர்தான் அம்மா."

"சின்ன எழுத்துல வரும். ஆரும் பாக்க மாட்டாங்க."

"ஆரும் பாக்க மாட்டாங்கன்னா பின்ன எதுக்குப் போடணும்?"

சுகிர்தபாய் கத்தியை நிறுத்தாமல் வெட்டினாள்.

"இந்தக் காலத்துல ஆரு பேப்பர்ல போடுவா?" என்றாள் ரெஷ்மா. "நெட்டுல போட்டுட்டு அப்பாக்க போனுக்கு அனுப்பினா தீந்துது. அமுக்கினா போனே வாசிச்சும் சொல்லும். தமிழோ மலையாளமோ, எது வேணும்னாலும்."

"நெட்டுல போட்டா எக்காலமும் கிடக்கும். நாளைக்கு உன்ன ஒருத்தன் கல்யாணம் கெட்ட வந்தா, எனக்க பேர அடிச்சுப் பாத்தா வரும். பேப்பர்னா மறுநாள் மீன் பொதிய எடுத்துருவானுவ."

நல்ல காரணம்தான். ரெஷ்மாவும் ஒத்துக்கொண்டாள். ஆனால் அது தன்னுடைய காரணம் இல்லை என்று சுகிர்தபாய்க்குத் தெரியும். போனே வாசித்துச் சொல்லும் என்று மகள் சொன்ன நொடியில் தன் கை நின்றதையும் தெரியும்.

அவர் கோர்ட்டுக்கு வந்தால், யாரும் கைவிட்டுப் போகவில்லை, அவள்தான் கதவைப் பூட்டினாள் என்று சொல்லிவிடலாம். ஜட்ஜ் அவளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான் பயந்தாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பஞ்சாயத்து வார்டிலிருந்து சிலர் மலையாளத்தில் எழுதிய ஒரு தாளோடு வந்தார்கள். வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ராபின்சன் வாசித்தார். அதாவது முகத்தைச் சுருக்கிப் பார்த்தார், தாளைத் திருப்பினார், தலையாட்டினார், கையெழுத்துப் போட்டார். தெருவிளக்கு கேட்டு எழுதிய மனு என்று நினைத்தாராம். பொதுவழிக்கு முற்றத்து நிலத்தை விட்டுக்கொடுக்கும் சம்மதம் அது. ஒரு சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது முன்மதிலைக் காணவில்லை. முற்றத்தில் ஜேசிபி நின்றது. அக்கம்பக்கம் முழுக்கக் கூடியிருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவள் அவரை வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னாள். கையாலாகாதவன் என்றாள், பெண்டாட்டி உழைப்பில் தின்கிறவன் என்றாள். வாசிக்கத் தெரியாதவன் என்ற அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அது நாக்கு நுனிவரை வந்து நின்றது. பிறகு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். அவர் கொஞ்ச நேரம் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தடவை அவள் பெயரைச் சொன்னார். அப்புறம் சத்தம் இல்லை.

மறுநாள் வந்திருந்தால் திறந்திருப்பாளா? அந்தக் கேள்வியை அவள் எத்தனையோ தடவை தனக்குள் கேட்டிருக்கிறாள். பதில் ஒவ்வொரு தடவையும் வேறாக இருந்தது.

வியாழக்கிழமை அறிவிப்பு வரும் என்று பிந்துஜா போனில் சொல்லியிருந்தாள். அன்று பஸ்ஸில் அவள் வேண்டுமென்றே அவர் நிற்கும் பக்கத்து ஜன்னலில் உட்கார்ந்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பனச்சமூட்டில் பஸ் நின்றது. ராபின்சன் சைக்கிள் ஸீட்டின் மேல் பேப்பரை விரித்துப் போட்டு, முந்தின நாள் லாட்டரி ரிசல்ட்டை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் தன் சீட்டைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். ராபின்சன் ஏதோ சொல்ல, அந்த ஆள் சிரித்தபடி சீட்டைக் கிழித்துப் போட்டார். தலைமுடி முன்பக்கம் நன்றாக நரைத்திருந்தது. பஸ் கிளம்பியது.

தையல் கடையில் முதலாளியம்மா வருவதற்கு முன்னால் பேப்பரை எடுத்துப் புரட்டினாள். லாட்டரி ரிசல்ட் இருந்த அதே பக்கத்தில், இலக்கங்களுக்குக் கீழே, ஒரு கட்டத்துக்குள் அவருடைய பெயரும் அவளுடைய பெயரும் இருந்தன. அவருடைய விரல் அந்தப் பெயருக்கு இரண்டு அங்குலம் மேலே ஓடியிருக்கிறது. அவள் பேப்பரை மடித்து, வெட்டுத் துணிகளுக்கு அடியில் செருகினாள். அன்று முழுக்க ஒரு பிளவுஸுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், அவள் வேலை முடிந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது, வெளியே "சுகிர்தம்" என்று குரல் கேட்டது.

ராபின்சன் வழியிலேயே நின்றிருந்தார். ஒரு காலத்தில் அவர்கள் முற்றமாக இருந்த வழி. படியில் கால் வைக்கவில்லை. கையில் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய பேப்பர்.

"ரெஷ்மா இல்லியா?"

"நாளைக்குத்தான் வருவா."

"அது தெரிஞ்சாக்கும் இன்னைக்கு வந்தேன்."

"என்ன வேணும்?"

அவர் கவரிலிருந்து பேப்பரை எடுத்தார். "கண்ணாடி எடுக்கல்ல. இதொண்ணு நோக்கு."

"வேற ஆர்ட்டயும் காட்டல்லியா?"

"ஆர்ட்ட காட்டுவேன்?" அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "நேத்து குட்டப்பனுக்க சாயக்கடையில நிக்கும்ப, அவன் கேக்கான், 'எலே ராபின்சா, உனக்க பேரு பேப்பர்ல கிடக்கே, கண்டியா'ன்னு. கண்டேன்னு சொன்னேன். 'பின்ன என்ன செய்யப் போற'ன்னான். நோக்குவோம்னு சொன்னேன். அவன் எனக்க தோள்ல தட்டி, சாயைக்குப் பைசா வேண்டாம்னுட்டான். அப்பளாக்கும் எனக்கு பயம் வந்தது. குட்டப்பன் சும்மா சாய குடுக்கியவனா? லாட்டரி ஏஜென்சிக்காரன் எனக்க பேர்ல ஏதாச்சும் கேஸ் குடுத்திட்டானோன்னு நெனச்சேன். ராத்திரி ஒரு பொட்டு உறங்கல்ல."

அவள் பேப்பரை வாங்கினாள். அந்தக் கட்டத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை.

இது வேற ராபின்சன் என்று சொல்லலாம். ரேஷன் கார்டு விஷயம், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லலாம். அவர் நம்புவார். குட்டப்பனிடமும் வேற ஆள் என்று சிரித்துச் சொல்லுவார். தேதி கடந்துவிடும். இந்த வார்த்தைகள் எல்லாம் முன்னமே தயாராக இருந்தவை போல வரிசையாக வந்து நின்றன. தனக்குள் இவ்வளவு எளிதாக வருகிறதே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"இரியுங்க" என்றாள்.

அவர் படியின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவள் நின்றபடியே, மலையாளத்தைத் தமிழாக்கி, பழைய நாட்களில் வாசித்தது போல மெதுவாக வாசித்தாள்.

"நெய்யாற்றின்கரை குடும்பக் கோர்ட்டு. மனுதாரர் சுகிர்தபாய்."

"எந்தச் சுகிர்தபாய்?"

"நான்."

அவள் தொடர்ந்தாள். "எதிர்மனுதாரர் ராபின்சன். மனைவிய விட்டுட்டுப் போய், இப்ப இருக்குமிடம் தெரியாத..."

"இருக்குமிடம் தெரியாதா?" அவர் நிமிர்ந்தார். "நான் பனச்சமூட்டுலதானே நிக்கேன். நீ டெய்லி பஸ்ஸுல குனிஞ்சிட்டுப் போறத நான் காணாம இருக்கேனா? நேத்துதான் குனியல்ல. என்னமோ மனசு மாறியிருக்குன்னு நெனச்சேன்."

அவளுக்கு அடுத்த வரி மங்கலாகத் தெரிந்தது. இருந்தும் வாசித்து முடித்தாள். தேதியைச் சொன்னாள். வராவிட்டால் அவர் இல்லாமலே தீர்ப்பாகும் என்ற கடைசி வரியையும் சொன்னாள்.

"டைவோர்ஸாக்கும்" என்றார்.

"ஆமா."

கீழே ரோட்டில் ஒரு ஆட்டோ போனது. அவர் பேப்பரைத் திரும்ப வாங்கி அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பேப்பர்ல போடணும்னு கோர்ட்டா சொல்லும்?"

ஆமா என்று சொன்னால் போதும். "எங்கிட்ட கேட்டாங்க" என்றாள். "நான்தான் சொன்னேன்."

"குட்டப்பன் கடையில தமிழ்ப் பேப்பரும் கிடக்கும்."

"தெரியும்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் அவளுக்கும் திருப்பிச் சொல்ல ஏதாவது கிடைத்திருக்கும். அவருடைய முகம், குளிக்கும் இடத்தில் யாரோ கதவைத் திறந்துவிட்டது போல ஆகிவிட்டது. பேப்பரை மடிக்கத் தொடங்கினார். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தார்.

"அன்னைக்கு அத்தன பேரு நிக்கும்ப நீ என்னவெல்லாம் விளிச்ச" என்றார். "இத மட்டும் சொல்லல்ல. படியில இருந்து நான் அத நெனச்சேன். எல்லாம் சொன்னா, இதச் சொல்லல்லியே, அப்ப நம்ம மேல என்னமோ இருக்குன்னு. இத்தன வருஷமும் அதத்தான் நெனச்சிட்டு இருந்தேன்."

அவள் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அவர், "சாரமில்ல, போகட்டு" என்று சொல்லிவிடுவார். அவருடைய சுபாவம் அது. அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய் நிம்மதியாகச் சோறு தின்ன அவளால் முடியும் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை.

"நான் வராம இருந்தா உனக்கு கிட்டும், இல்லியா?" என்றார்.

"கிட்டும்."

"அப்ப நான் வரல்ல. குட்டப்பன்ட்ட வாசிச்சேன்னு சொல்லியாச்சு. அது அப்படியே இருக்கட்டு."

அவள் வேண்டியதெல்லாம் கையில் வந்துவிட்டது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். இன்னும் ஒரு நிமிஷம் வாயைத் திறக்காமல் நின்றால் போதும்.

"வரணும்" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க விட்டுட்டுப் போனியன்னு எழுதியிருக்கு. அது அப்படி இல்லல்லா."

"கோர்ட்டுல ஏறி நின்னு உன்னப் பத்திக் குற்றம் சொல்ல என்னால களியாது."

"நீங்க சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன். வந்து நின்னா மதி." பிறகு, அவர் தவறாக எண்ணிவிடக் கூடாதே என்று, "எனக்கு டைவோர்ஸ் வேணும். அதுல மாற்றமில்ல" என்றாள்.

அவர் தலையாட்டினார். அவளுக்குச் சம்மதம் சொன்னாரா, வெறுமனே கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. "வாறேன்" என்றுவிட்டு வழியில் இறங்கி நடந்தார். அது கோர்ட்டுக்கு வருவதைச் சொன்னதா, விடைபெற்றதா என்றும் அவள் கேட்கவில்லை.

உள்ளே வந்ததும் பிந்துஜாவுக்குப் போன் செய்தாள். தாமதித்தால் செய்ய மாட்டோம் என்று தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருந்தது.

"ஆளு இப்ப வந்திட்டுப் போனாரு. தேதிக்கு வந்தாலும் வருவாரு."

"பேப்பர் கண்டுட்டா?" பிந்துஜாவின் குரலில் ஒரு வெற்றி இருந்தது. "பாத்தியளா, நான் சொன்னேன்லா, பேப்பர்னா கண்ணுல படும்னு. எங்க இருந்தாராம் இத்தன நாளும்?"

"பனச்சமூட்டுல. எப்பளும் அங்கதான் நிப்பாரு. எனக்குத் தெரியும்."

பிந்துஜாவின் குரல் தாழ்ந்தது.

"சேச்சி, இத எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது."

"அவரு விட்டுட்டுப் போனாருன்னு எழுதினதையும் மாத்தணும். கதவப் பூட்டினது நானாக்கும்."

"தெரிஞ்சும் எதுக்கு சேச்சி பேப்பர்ல போடச் சொன்னிய? வீட்டுக்கு வரக்கூடிய ஆளு. பேப்பர் வாசிக்கிற ஆளு. எப்படியும் காணத்தானே செய்வாரு?"

அவருக்கு அந்த எழுத்து தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் பிந்துஜாவுக்கு எல்லாம் விளங்கிவிடும். அந்தக் கையெழுத்தும், அந்த மதிலும், அந்தக் கோபமும், இந்தப் பேப்பரும். அவள் செய்ததற்கு ஒரு ஒழுங்காவது வரும்.

"வாசிப்பாரு" என்றாள் சுகிர்தபாய். "நான்தான் ஆலோசிக்கல்ல."

பிந்துஜா பெருமூச்சு விட்டாள். "கதவப் பூட்டினேன்னு சேச்சியே சொன்னா, கோர்ட்டு காரணம் கேக்கும். அவரு குடிச்சிட்டு வந்தாரா? அடிச்சாரா?"

"இல்ல."

"பின்ன? ஒரு காரணமும் இல்லாம ஒரு பொம்பள புருஷன வெளிய நிறுத்திக் கதவப் பூட்டுவாளா? ஜட்ஜ் சேச்சியத்தான் ஒரு மாதிரி பாப்பாரு. என்ன சொல்லப் போறிய?"

"கோபம்னு சொல்லுவேன்."

"வெறும் கோபமா?"

"வெறும் கோபம்தான். அவருக்க மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள் சுகிர்தபாய். "அப்படியே எழுதிக்கிடுங்க."